பதில் வராதபோது

திருப்பூரிலிருந்து சூரத்துக்கோ கொல்கத்தாவுக்கோ ஒரு லோடு பனியன் கிளம்ப வேண்டும். அட்டைப் பெட்டிகள் ஏற்றியாயிற்று, தார்ப்பாய் கட்டியாயிற்று, டிரைவரும் வண்டியில் ஏறிவிட்டார். ஆனாலும் லாரி நகர முடியாது. கம்பெனிக் கணினியில் போட்ட பில் இணையம் வழியாக அரசின் கணினிக்குப் போய், அங்கே பதிவாகி, 64 எழுத்துகள் கொண்ட ஓர் எண்ணோடும் ஒரு க்யூஆர் குறியீட்டோடும் திரும்பி வந்தாக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும்போது இதுதான் சட்டம். அந்த எண் இல்லாத பில்லை ஜிஎஸ்டி விதிகள் பில்லாகவே மதிப்பதில்லை.

பெரும்பாலும் இந்தப் போக்குவரத்து சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பில் போடுகிறவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நிறுவனத்துக்குள் ஓடும் இஆர்பி மென்பொருளை, வெளியே வேறொருவர் நடத்தும் மென்பொருளோடு கிளவுட் வழியாக இணைக்கும் கலை முழுவதையும் அந்தச் சில நொடிகளிலேயே பார்த்துவிடலாம். தகவலை அனுப்புவது அதில் எளிய பகுதி. அனுப்பிய பிறகு பதில் வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்பதில்தான் அத்தனை கஷ்டமும் இருக்கிறது.

நிறுவனத்துக்கு உள்ளே இந்தக் கஷ்டம் கிடையாது. இஆர்பியின் பலமே அதுதான். 1960களில் அமெரிக்காவில் டிராக்டர் செய்யும் ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தில் ஜோசப் ஆர்லிக்கி, இத்தனை வண்டி வேண்டுமென்றால் எந்த உதிரிபாகம் எத்தனை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கணினியைப் பின்னோக்கிக் கணக்கிட வைத்தார். 1972இல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபியைத் தொடங்கினார்கள். 1990இல் கார்ட்னர் நிறுவனம் இந்த வகை மென்பொருளுக்கு இஆர்பி என்று பெயர் வைத்தது. நம் பக்கத்தில் சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் இஆர்பி செய்தது. சிறு நிறுவனங்களுக்குப் பெங்களூரின் டேலியே இஆர்பியின் வேலையைப் பார்த்தது. கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைப்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான யோசனை.

அதனால் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது. 1,200 பீஸுக்கு ஒரு பில்லைச் சேமிக்கும்போது கிடங்கிருப்பு குறைகிறது, பார்ட்டி கணக்கில் பாக்கி ஏறுகிறது, வரிக் கணக்கில் தொகை சேர்கிறது, ஒரு பில் எண் செலவாகிறது. பாதி வேலையில் மின்சாரம் போனால்? தரவுத்தளம் இந்த நான்கையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறது. நான்கும் நடக்கும், இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. கணினி மறுபடி உயிர் பெறும்போது பாதியில் நின்ற வேலை தானாகவே அழிந்துபோயிருக்கும். இந்த முடிச்சைக் கணினித் துறையில் டிரான்சாக்‌ஷன் என்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக உலக வணிகம் நம்பியிருப்பது இதைத்தான்.

சிக்கல் கம்பெனியின் வாசலில் தொடங்குகிறது. பின்னலாடைத் தொழிலில் ஒரே கூரைக்குக் கீழே எல்லாவற்றையும் செய்கிறவர்கள் குறைவு. நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது, துணி சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் போகிறது, சரக்கை எடுத்துப்போவது ஒரு லாரி நிறுவனம், பணம் வருவது வங்கிக்கு, சில்லறை விற்பனை அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும், வரிப் பதிவு அரசிடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தரவுத்தளம். இவற்றுக்கு மேலே பொதுவான முடிச்சு ஒன்றும் கிடையாது. ஒருவர் மென்பொருள் மற்றவர் மென்பொருளிடம் ஏபிஐ என்ற வாசல் வழியாகக் கோரிக்கை வைக்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். அவ்வளவுதான்.

நிறுவனங்கள் கணக்கைக் கம்பி வழியாகப் பரிமாறிக்கொள்ளும் ஆசை இணையத்துக்கு முந்தியது. 1948இல் பெர்லின் நகரை சோவியத் படை முற்றுகையிட்டபோது அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் விமானம் விமானமாக நிலக்கரியும் உணவும் இறக்கின. ஒவ்வொரு நாட்டுச் சரக்குச் சீட்டும் ஒவ்வொரு வடிவத்தில் இருந்ததால், எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவத்தவர் டெலக்ஸிலும் தொலைபேசியிலும் அனுப்பக்கூடிய பொதுவான சீட்டு வடிவம் ஒன்றை உருவாக்கினார். அந்த எண்ணம் வளர்ந்து இடிஐ என்ற மின்னணு ஆவணப் பரிமாற்ற முறை ஆயிற்று. 1987இல் ஐ.நா. அதற்கு எடிஃபேக்ட் என்ற உலகத் தரத்தை ஏற்றது. வெளிநாட்டுப் பெரிய கடைகள் பல இன்றும் ஆர்டரை இடிஐ வழியாகத்தான் அனுப்புகின்றன. 2000இல் சேல்ஸ்ஃபோர்ஸும் ஈபேயும் தங்கள் ஏபிஐகளை இணையத்தில் திறந்தபோது, தனிக் கம்பி இல்லாத சிறு நிறுவனங்களுக்கும் வழி பிறந்தது. இந்தியாவில் சின்னக் கம்பெனிகளைக் கூட்டம் கூட்டமாக இந்த வழிக்குக் கொண்டுவந்தது, முதலில் சொன்ன பில் பதிவு முறையான இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1இல் 500 கோடிக்கு மேல் விற்பவர்களோடு தொடங்கி, வரம்பைப் படிப்படியாக இறக்கி, 2023 ஆகஸ்ட் 1இல் 5 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். மென்பொருள் இணைப்பு என்று கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் மூன்றே ஆண்டுகளில் அதைச் செய்து பழக வேண்டியதாயிற்று.

அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

முதலில் அறிமுகம். கம்பெனியின் மென்பொருள் தன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், தானே அப்போது உருவாக்கிய ஒரு தற்காலிகச் சாவியையும், அரசின் பதிவுத் தளத்தின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்புகிறது. அந்தப் பூட்டைத் தளத்தால் மட்டுமே திறக்க முடியும். தளம் திருப்பித் தருவது இரண்டு: 6 மணி நேரம் செல்லும் ஓர் அனுமதிச் சீட்டு, அந்த நேரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்வதற்கான ரகசியச் சாவி. இதற்கு மேல் போகும் பில் ஒவ்வொன்றும் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் போகும்.

அடுத்தது பில். அது தாளாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ போவதில்லை. ஜேசான் என்ற வடிவத்தில், ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்புமாக வரிசையாக எழுதப்பட்டுப் போகிறது. விற்பவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், வாங்குபவருடையது, பில் எண், தேதி, ஒவ்வொரு சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு, அளவு, விலை, வரி. பருத்தி டிசர்ட் என்றால் எச்எஸ்என் 610910. தளம் இவற்றைச் சரிபார்க்கிறது. விற்பவரின் எண் தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கி, சரக்கு போய்ச் சேரும் மாநிலம் வேறாக இருந்தால் மாநிலங்களுக்கிடையிலான வரியான ஐஜிஎஸ்டி இருக்க வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே என்றால் வரி மத்திக்கும் மாநிலத்துக்குமாகப் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்க வேண்டும். கூட்டல் பெருக்கல் பொருந்த வேண்டும்.

எல்லாம் சரியென்றால் அந்த 64 எழுத்து எண் பிறக்கிறது. ஐஆர்என் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். இது வரிசை எண் இல்லை. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணித அரவையில் போட்டால் வெளியே வருவது. அதே நான்கைப் போட்டால் எப்போதும் அதே 64 எழுத்துதான் வரும். பில் எண் 101க்குப் பதில் 102 என்று ஓர் இலக்கம் மாறினால் 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட ஓர் எண். அதனால் வெவ்வேறு இரண்டு பில்களுக்கு ஒரே ஐஆர்என் தற்செயலாக அமைந்துவிடும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. தளம் இதோடு தன் மின்னணுக் கையொப்பத்தையும் போட்டு, க்யூஆர் குறியீட்டையும் சேர்த்து அனுப்புகிறது. வழியில் லாரியை நிறுத்தும் அதிகாரி இணையம் இல்லாத இடத்திலும் அந்தக் கையொப்பம் உண்மையா என்று பார்த்துவிடலாம்.

இப்போது இந்தப் பாதையில் ஒரு கல்லைப் போடுவோம். பில் போயிற்று. முப்பது நொடி கடந்தும் பதில் இல்லை. மென்பொருள் காத்திருந்து அலுத்துப்போய் இணைப்பைத் துண்டித்துவிட்டது. என்ன நடந்திருக்கும்? கோரிக்கை போகும் வழியிலேயே தொலைந்திருக்கலாம். அப்படியென்றால் பில் பதிவாகவில்லை. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பில்லும் பதிவாகி, திரும்பி வந்த பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அப்படியென்றால் பதிவாகிவிட்டது. இங்கே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இணைய வேகத்தைக் கூட்டினால் இது தீராது, நல்ல சர்வர் வாங்கினாலும் தீராது. தீராது என்பதற்கு நிரூபணமே இருக்கிறது. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் இதை விவரித்தார்கள். 1978இல் ஜிம் கிரே இதற்கு இரு தளபதிகளின் புதிர் என்று பெயர் வைத்தார். எதிரி முகாம் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்க மலைகளில் ஒரே அணியைச் சேர்ந்த இரண்டு படைகள். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால் வெற்றி, ஒருவர் மட்டும் இறங்கினால் அழிவு. செய்தி சொல்ல ஒற்றர்கள் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். முதல் தளபதி ‘விடியலில் தாக்குவோம்’ என்று ஆள் அனுப்புகிறார். அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாமல் அவர் இறங்க மாட்டார். இரண்டாமவர் ‘சரி’ என்று ஆள் அனுப்புகிறார். அந்தச் ‘சரி’ போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் இவரும் இறங்க மாட்டார். அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு பதில். எத்தனை செய்தியில் உடன்பாடு உறுதியாகும்?

எத்தனை செய்தியிலும் ஆகாது. உறுதியாகும் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் போதுமான மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடைசிச் செய்தி வழியில் தொலையக்கூடியது. அது தொலைந்தாலும் திட்டம் பலிக்க வேண்டும் என்றால் அந்தச் செய்தி தேவையே இல்லை என்றாகிறது. அதை நீக்கினால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. ஆனால் மிகக் குறைந்த எண்ணிக்கையைத்தான் எடுத்தோம் என்று தொடங்கினோம். முரண்பாடு. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், ஒரு செய்தியும் இல்லாமலே இருவரும் உடன்பட்டாக வேண்டும் என்ற அபத்தத்தில் வந்து நிற்போம். நம்ப முடியாத கம்பிக்கு இரண்டு முனைகளிலும் இருப்பவர்கள் முழு நிச்சயத்தை ஒருபோதும் அடைய முடியாது. ஏபிஐ வழியாகப் போகும் ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு பணமும் இந்தச் சுவரில் முட்டியபடியேதான் போகிறது.

நிச்சயம் கிடைக்காது என்று ஒப்புக்கொண்ட பிறகு பொறியாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். சந்தேகம் வந்தால் அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்பலாமா? இரண்டாம் முறை அனுப்பியதால் கேடு வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் செய்வதுதான் இதற்கு விடை. எழுதினாரா இல்லையா என்ற சந்தேகத்தில் அதே ஆள் மறுபடி வந்து நின்றால், அவர் நோட்டைப் புரட்டி, ‘ஏற்கெனவே இருக்குங்க, 501 ரூபாய்’ என்பார். இன்னொரு வரி எழுத மாட்டார். இரண்டாம் முறை கேட்டதால் நோட்டில் எதுவும் மாறாது, கேட்டவருக்கும் தெளிவு கிடைத்துவிடும். இதற்குத் தேவை ஒன்றுதான்: இது அதே ஆள்தான் என்று கண்டுகொள்ளும் அடையாளம்.

ஐஆர்என் முறை எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். அடையாளம் பில்லுக்குள்ளிருந்தே பிறக்கிறது. தளம் யோசித்துக் கொடுக்கும் எண்ணாக அது இருந்திருந்தால், பதில் தொலைந்ததும் எண்ணும் தொலைந்திருக்கும். நான்கு விவரங்களிலிருந்து கணக்கிடுவது என்பதால், அதே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணில்தான் வந்து விழும். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தளம் இன்னொரு பதிவு போடாது. 2150 என்ற பிழைக் குறியீட்டைத் தந்து, முன்பு பதிவான ஐஆர்என்னையும் அது பதிவான நேரத்தையும் கூடவே சொல்லிவிடும்.

இந்த 2150ஐத்தான் பல இணைப்பு மென்பொருள்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பிழைக் குறியீடு என்பதால் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டுகின்றன. உண்மையில் அது நல்ல செய்தி: பில் பதிவாகிவிட்டது, இதோ எண், எடுத்துக்கொள். அதை வாசித்து, ஐஆர்என்னைப் பிரித்தெடுத்து, பில்லில் ஒட்டி, வேலை முடிந்தது என்று குறிக்க வேண்டியது மென்பொருளின் கடமை. அப்படிச் செய்யாத இடத்தில் நடப்பது என்ன? லாரி நிற்கிறது, சிவப்பு எழுத்து மிரட்டுகிறது. பில் போடுகிறவர் பில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்புகிறார். இந்த முறை உடனே எண் வந்துவிடுகிறது. வண்டி கிளம்பிவிடுகிறது. ஒரே சரக்குக்கு அரசின் பதிவேட்டில் இரண்டு பில். இரண்டுக்கும் வரி கட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் முதல் பில்லை அந்தத் தளத்திலேயே ரத்து செய்யலாம். அது தாண்டினால் கிரெடிட் நோட், ஆடிட்டர், வாங்கியவரோடு கணக்கு ஒப்பிடுதல் என்று வாரக்கணக்கில் இழுக்கும். பில் போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் திரை சொன்னது தப்பு.

இந்த அடையாளத்திலேயே ஓர் ஓட்டையும் இருந்தது. எஸ்எச்ஏ-256க்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறு. பில் எண்ணின் முன்னொட்டைக் காலையில் பேரெழுத்திலும் மாலையில் சிற்றெழுத்திலும் அடித்தால் இரண்டு வெவ்வேறு ஐஆர்என் கிடைத்துவிடும். விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவமோ இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 2025 ஜூன் 1 முதல்தான் தளம் எல்லாவற்றையும் பேரெழுத்துக்கு மாற்றிய பிறகே எண்ணைக் கணக்கிடுகிறது. நல்ல திருத்தம். முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது. ‘ஒன்றே’ என்று நாம் சொல்வதைக் கணினி எப்போது ‘ஒன்றே’ என்று எடுத்துக்கொள்ளும் என்பதை இணைப்பின் இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், இந்த மாதிரி ஓட்டைகள் எங்காவது திறந்துகொண்டே இருக்கும்.

சரி, மறுபடி அனுப்பலாம். யார் அனுப்புவது? பில்லைச் சேமித்து முடித்து, அனுப்பத் தொடங்கும் முன்பே கம்பெனிக் கணினி நின்றுபோனால், அனுப்ப வேண்டிய பில் ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதற்கு அழகான உபாயம் ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் ‘அனுப்ப வேண்டியவை’ என்று தனியாக ஓர் அட்டவணை வைப்பது. பில்லைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் இந்த அட்டவணையிலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். இரண்டும் ஒரே முடிச்சு என்பதால் பில் இருந்தால் அந்த வரியும் கட்டாயம் இருக்கும். தனியாக ஓடும் ஒரு சின்ன நிரல், பெரும்பாலும் கிளவுடில், அந்த அட்டவணையை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வரியை எடுக்கும், அனுப்பும், பதில் வந்தால் முடிந்தது என்று குறிக்கும், வராவிட்டால் விட்டுவிட்டு மறுபடி எடுக்கும். உள்ளே இருக்கும் முடிச்சின் பலத்தை வாசல்வரை கொண்டுவந்து வைப்பதுதான் இந்த உபாயம்.

மறுபடி எடுப்பதிலும் நிதானம் வேண்டும். மாதக் கடைசியிலும் மார்ச் 31 இரவிலும் நாடு முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் பில் போடுகிறார்கள். தளம் திணறும்போது ஒவ்வொரு மென்பொருளும் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டிருந்தால் அது எழவே எழாது. எனவே முதல் தோல்விக்குப் பின் 1 நொடி, அடுத்து 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிக்க வேண்டும். எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டாமலிருக்க ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் ஒழுங்கின்மையைக் கலக்க வேண்டும். நல்ல மென்பொருள் எத்தனை முறை தோற்றால் மனிதரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அறிந்திருக்கும். ஜிஎஸ்டி எண்ணே தப்பு என்று தளம் சொல்லும் பில்லை ஆயிரம் முறை அனுப்பினாலும் அது தப்பாகத்தான் இருக்கும்.

வழியில் தொலைவது ஒரு வகைத் தொல்லை. சரியாகப் போய்ச் சேர்ந்தும் வேறு பொருளில் வாசிக்கப்படுவது இன்னொரு வகை. பின்னது சத்தமே போடாது என்பதால் அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அளவை எடுத்துக்கொள்வோம். உள்ளாடை பெட்டிக் கணக்கில் விற்கும், பெட்டிக்குப் பத்து. துணி கிலோவில். கம்பெனியின் இஆர்பியில் 40 என்று இருப்பது 40 பெட்டி. இணைப்பில் அலகைச் சேர்த்து அனுப்ப மறந்தால் ஆன்லைன் கடையின் மென்பொருள் அதை 40 பீஸ் என்று எடுத்துக்கொள்ளும். 360 பீஸ் கிடங்கில் இருந்தும் விற்பனைக்கு இல்லாமல் போகும். பணமும் அப்படித்தான். இணையவழிப் பணம் வாங்கித் தரும் சேவைகள் பல, தொகையைப் பைசாவில் சொல்கின்றன. 500 ரூபாய் அங்கே 50000. தசமப் புள்ளியால் வரும் பிழையைத் தவிர்க்க அது நல்ல வழக்கம்தான், ஆனால் வாங்கும் பக்கம் அதை அறிந்திருக்க வேண்டும்.

நேரம் இன்னும் நுட்பமானது. கிளவுடில் ஓடும் சேவைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர், உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 இரவு 8.30. அந்தத் தேதியை அப்படியே எடுத்துப் பில் போட்டால் பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். ஐஆர்என் கணக்கிடும் நான்கு விவரங்களில் நிதியாண்டு ஒன்று என்பதை நினைத்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22இல் ஆடைகளுக்கான வரி மாறியது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்றானது. அதுவரை 1,000 ரூபாயைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் 12. அன்று அதிகாலை 3 மணிக்கு 1,500 ரூபாய்ச் சட்டைக்கு ஆர்டர் வந்து அப்போதே பில் போட்ட மென்பொருள், உலகப் பொது நேரத்தைப் பார்த்து இன்னும் 21ஆம் தேதிதான் என்று நினைத்தால் 5க்குப் பதில் 12 சதவீதம் போட்டிருக்கும். இந்த இடத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

பணம் வந்த செய்தி எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. அங்கே கம்பெனி கேட்பதில்லை. பணம் வாங்கித் தரும் சேவையே, பணம் வந்ததும் கம்பெனியின் கிளவுட் முகவரிக்குத் தட்டிச் சொல்கிறது. வெப்ஹுக் என்பது அதன் பெயர். தட்டுவதற்குப் பதில் வராவிட்டால் அந்தச் சேவையும் மறுபடி தட்டும். ஆகவே ஒரே பணத்துக்கு இரண்டு செய்தி வருவது இயல்பு. ஒவ்வொரு செய்திக்கும் உள்ள அடையாள எண்ணைக் குறித்து வைத்து, இரண்டாவதைக் கண்டால் தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத இஆர்பி, பார்ட்டி கணக்கில் வரவை இரண்டு முறை வைத்துவிடும். செய்தியோடு வரும் ரகசியக் கையொப்பத்தைச் சரிபார்க்காத இஆர்பி, யார் வேண்டுமானாலும் ‘பணம் வந்தது’ என்று சொன்னால் சரக்கை விட்டுவிடும்.

இவையெல்லாம் சிறு கம்பெனிகளின் பாடு என்று நினைக்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவின் சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷி, எஸ்ஏபியின் இஆர்பி, சீபெல்லின் வாடிக்கையாளர் மென்பொருள், மேனுஜிஸ்டிக்ஸின் சரக்குத் திட்ட மென்பொருள் என்று மூன்று நிறுவனங்களின் மூன்று அமைப்புகளைப் பிணைத்து ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியது. ஆர்டர் ஒரு பக்கமும் சரக்கு ஒரு பக்கமும் நிற்க, மிட்டாய் விற்பனை உச்சத்தில் இருக்கும் ஹாலோவீன் காலத்தில் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அதனால் அனுப்ப முடியவில்லை. ஒன்று ஓடிப் பழகும்வரை பொறுத்திருந்து அடுத்ததை இணைத்திருக்கலாம்.

சாவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிஐ கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதும், அதை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் மாற்றாமல் இருப்பதும் எத்தனையோ அலுவலகங்களில் நடக்கிறது. கம்பெனியின் பெயரில் பில் பதிவு செய்யும் அதிகாரம் அந்தச் சாவியில் இருக்கிறது. ஆள் மாறும் அன்றைக்கே அதையும் மாற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு பில் தவறத்தான் செய்யும். இணைப்பு நிரல் நின்றுபோனதை இரண்டு நாள் யாரும் கவனிக்காமல் இருப்பார்கள், அல்லது அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கும் வேலை மௌனமாகத் தோற்றிருக்கும். அதனால் எவ்வளவு நேர்த்தியான இணைப்பாக இருந்தாலும் தினம் ஒருமுறை இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழைய கணக்குப்பிள்ளை வேலை ஒன்று தேவைப்படுகிறது. இஆர்பியில் நேற்றுப் போட்ட பில்கள், அரசுத் தளத்தில் நேற்றுப் பதிவான ஐஆர்என்கள். இங்கே இருந்து அங்கே இல்லாதவை எவை, அங்கே இருந்து இங்கே இல்லாதவை எவை, இரண்டிலும் இருந்து தொகை மாறுபடுபவை எவை என்று ஒரு பட்டியல். இரவில் கணினியே எடுத்து வைத்துவிடலாம், காலையில் கணக்கு அலுவலர் பார்த்தால் போதும். 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இது இன்னும் அவசரமாகிவிட்டது. பில் தேதியிலிருந்து 30 நாள் தாண்டினால் தளம் அந்தப் பில்லை ஏற்காது. 31ஆம் நாள் கண்டுபிடித்த பில்லுக்கு ஐஆர்என் கிடைக்காது, சரக்கை வாங்கியவருக்கு அந்த வரியை வரவு வைக்கவும் வழியிருக்காது. அடுத்த மாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த கம்பெனிகளுக்கு அந்த நாள் சில நேரம் முப்பதைத் தாண்டிவிடுகிறது. தினசரி ஒப்பீட்டை அந்தத் தாக்கலோடு சேர்க்காமல் தனி வேலையாக வைத்து, அதற்குப் பொறுப்பாக ஓர் ஆளின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.